சந்தியாகப்பர் ஊரு மொட்டை

அட, நீங்க ஏன் தம்பி எந்திரிக்கிய? உக்காருங்க, உக்காருங்க. எனக்குத்தான் இந்தா சக்கர நாற்காலியே கெடக்கே. தள்ளிட்டு வந்த பையன் இங்கன நிறுத்திட்டு, "மம்மி, வெயிட்"னு சொல்லிட்டுப் போனவன்தான், பெறவு ஆளக் காணும். அவனும் பாவம், என்னை மாதிரி எத்தனை மம்மியத் தள்ளணும்.

நீங்க போன்ல பேசுனதக் கேட்டேன். நாகர்கோயில் பேச்சு. திருவனந்தபுரம் ப்ளைட்டுதானே? நானும் அதுலதான் வாரேன். இன்னும் நேரம் கெடக்கு. இந்த தோஹா ஏர்போர்ட்டுல பேச ஆள் கெடைக்காம நாக்கு ஒட்டிப்போச்சு எனக்கு.

நடக்க முடியாதான்னு கேக்கியளா? நல்லா கேட்டிய! நாடு விட்டு நாடு நடந்தே போன காலு தம்பி இது. இந்தா, குதிகால்ல தோலு உரிஞ்ச தடம் கூட ஆறல. மருமகதான் டிக்கெட்டு எடுக்கும்போதே வீல்சேருன்னு எழுதிக் குடுத்துட்டா. எனக்கு பாஷை தெரியாதாம், ஏறுற கேட்டு மாறிப் போய் வேற நாட்டுக்கு ஏறிருவனாம். அவ்வளவு தூரம் நடத்திக் கூட்டிட்டுப் போயிட்டு, திரும்பி வரையில வண்டியில உக்கார வச்சிட்டா பாத்துக்கிடுங்க.

மொட்டையத்தானே பாக்கிய? தாராளமாப் பாருங்க. நேர்ச்சை மொட்டை. வெக்கமென்ன இதுல!

என் பேரு பிரகாசி. தூத்துக்குடிக்குத் தெக்க கடக்கரை ஊரு. எங்க ஊர்ல சந்தியாகப்பர் கோயில் இருக்கு. ஏசுவோட சீடரு, வெள்ளக் குதிரையில, கையில வாளோட நிப்பாரே, அவருதான். அவரு கல்லறை இருக்குற ஊருக்குத்தான் போயிட்டு வாரேன். ஸ்பெயின்ல. ஊருக்கே அவரு பேருதான், சந்தியாகோ. மொதல்ல கேட்டப்ப எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துச்சு. எங்க தெருமுக்குல நிக்க மனுசனுக்கு அவ்வளவு தொலைவுல சொந்தமா ஒரு ஊரு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

எனக்கு ஒரே மகன், டெரன்ஸு. போர்ச்சுகல்ல போர்த்தோங்கிற ஊர்ல கம்ப்யூட்டர் வேலை. கட்டியிருக்கது மேகலா, கோயம்புத்தூர்ப் பிள்ளை. அவியளா விரும்பிக் கட்டுனதுதான். நாங்க மாதா கோயிலுக்குப் போறவிய, அவிய வேற சாமி. அதையெல்லாம் நான் ஒரு பேச்சாக்கூட எடுக்கல. எங்க பக்கம் மாமின்னு கூப்புடுவாவ, அவ அத்தைங்கா. கூப்புட்டாச் சரிதானேன்னு விட்டுட்டேன். அவளுக்கு முடி இருந்துச்சு பாருங்க, இடுப்புக்குக் கீழ. கல்யாணத்தன்னிக்கு நானேதான் பூ வச்சேன். முழம் முழமா வைக்கேன், பாதித் தலைகூட நெறயல. அப்படியொரு முடி.

கல்யாணம் முடிஞ்சு அங்கன போனதுக்கப்புறம் நல்லாத்தான் பேசிட்டு இருந்தா. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்தா வீடியோல வருவா. மீன்கொழம்புக்கு மாங்கா எப்பப் போடணும்னு கேப்பா. திடீர்னு ஒரு நாள் நின்னுபோச்சு. வீடியோ கெடையாது. வெறும் கொரல் மட்டும். "நல்லா இருக்கீங்களா அத்தை, சாப்பிட்டீங்களா அத்தை", அவ்வளவுதான். வீடியோவப் போடு மக்கா, மொகத்தப் பாக்கட்டும்னா, காமெரா ரிப்பேருங்கா. ஒரு வருசமாவா தம்பி காமெரா ரிப்பேரு? மகன்ட்ட கேட்டா, "ஆபீஸ்ல அவளுக்கு வேலை ஜாஸ்திம்மா". தீபாவளிக்கும் வரல, கிறிஸ்மஸுக்கும் வரல.

எனக்கு விளங்கிருச்சு. மாமியாரப் பிடிக்கல. வேற என்ன? நான் என்ன சொன்னேன், எப்பச் சொன்னேன்னு படுத்துக் கெடந்து யோசிச்சு யோசிச்சு, ஒண்ணும் ஆப்புடல. சோறு எறங்கல எனக்கு, பொய் சொல்லல. நேரா சந்தியாகப்பர்ட்ட போய் நின்னேன். "வேய், என் மருமக எம் மொகத்தப் பாத்து வாய் நெறயப் பேசிட்டான்னா, உம்ம ஊருக்கே வந்து முடி எறக்குதேன்"னு நேந்துட்டேன். அவரு ஊரு எங்கன இருக்குன்னு அப்ப எனக்குத் தெரியாது. பங்குச் சாமியார்ட்ட கேட்டா ஸ்பெயினுங்காரு! நேந்தது நேந்ததுதான், மாத்த முடியுமா?

அப்படி இருக்கையில ஒரு நாள் அவளே கூப்புட்டா. "அத்தை, இங்கிருந்து சந்தியாகோவுக்கு நடந்து போறாங்க. நானும் போலாம்னு இருக்கேன். அவருக்கு லீவு இல்லீங்க. நீங்க வர்றீங்களா?" எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எங்க சாமி ஊருக்கு அவ எதுக்கு நடக்கா? கேட்டா, "சும்மாத்தானுங்க, உடம்புக்கு நல்லது"ங்கா. நான் உள்ளுக்குள்ள சந்தியாகப்பருக்கு ஒரு சல்யூட் அடிச்சேன்.

போர்த்தோவுல போய் எறங்குதேன், ஏர்போர்ட்டுல அவ நிக்கா. அந்த முடியக் காணும் தம்பி! ஆம்பளப் பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டி, அதுவும் சுருட்டை சுருட்டையா. ஆளும் பாதியா எளச்சுப்போய் நிக்கா. பேஷனாம். நான் ஒண்ணும் வையல. "ஏன் மக்கா, அவ்வளவு முடியையும் யாருக்குத் தூக்கிக் குடுத்த"ன்னு மட்டும் கேட்டேன். அவ சிரிச்சா. மகன் அந்தாக்கில பெட்டியத் தூக்கிட்டு முன்னால போயிட்டான்.

நடந்த கதையச் சொன்னா விடிஞ்சிரும். கடலப் பாத்துக்கிட்டே நடை, பெறவு காடு, பெறவு மழை. வழியெல்லாம் மஞ்சள் அம்பு போட்டிருக்கான், கண்ணு தெரியாதவன்கூட போயிரலாம். அவ முன்னால போவா, நான் பின்னால ஜெபமாலை சொல்லிக்கிட்டே போவேன். அவளுக்கு மூச்சு வாங்கும் பாத்துக்கிடுங்க. இந்த வயசுல எனக்கு வாங்கல, அவளுக்கு வாங்குது. "ஏசி ரூம்ல உக்காந்து உக்காந்து ஒடம்பக் கெடுத்து வச்சிருக்க"ன்னு சொல்லுவேன். "ஆமாங்க அத்தை"ங்கா. எதுக்கெடுத்தாலும் ஆமாங்க அத்தைதான். பேச்சு மட்டும் வளரல, ஆனாலும் மொகத்தப் பாத்துட்டேன்லா, நேர்ச்சைய முன்கூட்டியே குடுத்துருவோம்னு நெனச்சுக்கிட்டேன்.

ஊர் வந்து சேந்தோம். அந்தக் கோயில் முன்னால பெரிய கல்லு மைதானம். நடந்து வந்த வெள்ளக்காரங்க எல்லாம் முதுகுப் பையத் தலைக்கு வச்சுக்கிட்டு மல்லாக்கப் படுத்துக் கெடக்கானுவ. சில பேரு அழுவுதான். நான் கோயிலப் பாத்து ஒரு கும்புடு போட்டுட்டு, "எட்டி மேகலா, இங்கன மொட்டை எடுக்குற இடம் எங்கன"ன்னு கேட்டேன். கோயில்னு இருந்தா பக்கத்துல முடி எறக்குற கொட்டகை இருக்காதா? ஒரு தண்ணித் தொட்டி, ஒரு சந்தனக்கடை? எத்தனை கோயில் பாத்திருக்கேன்!

அவ அப்படியே நின்னுட்டா. "என்னங்க அத்தை சொல்றீங்க?"

"நேர்ச்சை மக்கா. முடி எறக்கணும்."

"வேண்டாங்க அத்தை."

"நேந்துட்டேன்."

"அத்தை, சொன்னாக் கேளுங்க. இந்த ஊர்ல பொம்பளைங்க மொட்டை போட மாட்டாங்க. எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க. அந்தப் பார்வை உங்களுக்கு வேண்டாங்க அத்தை!"

கத்திட்டா தம்பி. அவ்வளவு நாளும் ஆமாங்க அத்தை சொன்னவ, மைதானத்துல வச்சுக் கத்துதா. படுத்துக் கெடந்தவன் ரெண்டு பேரு எந்திரிச்சு உக்காந்துட்டான். எனக்கும் கோவம் வந்துருச்சு. என் கூட நடந்து போக உனக்கு வெக்கமா இருந்தா நீ ரூமுக்குப் போ, நான் சந்தியாகப்பர்ட்ட வழி கேட்டுக்கிடுதேன்னுட்டு விறுவிறுன்னு நடந்துட்டேன். எங்க போகன்னு தெரியல, ஆனா நடந்துட்டேன். கொஞ்சம் தள்ளித் திரும்பிப் பாத்தா பின்னாலயே வாரா. கண்ணத் தொடச்சிக்கிட்டு வாரா.

கடைசில அவதான் ஒரு பியூட்டி பார்லருக்குக் கூட்டிட்டுப் போனா. அங்க ஒரு சின்னப் பிள்ளை நின்னுச்சு. நான் தலையத் தடவி, வழிக்கிற மாதிரி காட்டுதேன். அந்தப் பிள்ளை மொகம் வெளுத்து, உள்ள ஓடிப்போய் மொதலாளியம்மாவக் கூட்டிட்டு வந்துச்சு. என் வயசுதான் இருக்கும் அவளுக்கு. வந்தவ என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. தெருவப் பாத்த திரைய இழுத்து விட்டா. சூடா டீ கொண்டாந்து குடுத்தா. எவ்வளவு மரியாதை! நம்ம ஊர்ல முடி எறக்கப் போனா, "குனிம்மா, ஆடாத"ன்னு மண்டையில ஒரு தட்டுல்லா தட்டுவான்.

மேகலா உள்ள வரமாட்டேன்னு வாசல்லயே நின்னா. மொத முடி கீழ விழுந்ததும் உள்ள வந்துட்டா. வந்தவ என்ன செஞ்சா தெரியுமா? என் நாற்காலியப் பிடிச்சு, கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பிட்டா. "பாக்காதீங்க அத்தை. முடிஞ்சப்புறம் பாத்துக்கலாங்க. பாதியில பாத்தாத்தான் ரொம்பக் கஷ்டம்." ஏன், எம் மூஞ்சிய நான் பாக்கக் கூடாதா? நான் காலால உந்தித் திரும்பிட்டேன். பாதி மொட்டை, பாதி முடி. பாத்தேன் பாருங்க, எங்க அப்பா உக்காந்திருக்காரு! மூக்கு, நாடி, அச்சு அசல் எங்க அப்பா. சிரிச்சேன் சிரிச்சேன், வயிறு வலிக்கச் சிரிச்சேன். அந்த மொதலாளியம்மா மிஷினக் கையில வச்சுக்கிட்டு வாயப் பொளந்து நிக்கா.

மேகலா கேட்டா, "உங்களுக்கு அழுகையே வரலீங்களா அத்தை?"

"எதுக்கு அழணும்? முளைக்கும்லா!"ன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவ எங் கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதா பாருங்க, ஏங்கி ஏங்கி. அழுகைக்கு ஊடால சிரிக்கவும் செய்தா. "ஆமாங்க அத்தை, முளைக்கும், முளைக்கும்"ங்கா. எனக்கு ஒண்ணும் புரியல. மாமியாரு மொட்டைக்கு மருமக அழுத கதைய நீங்க எங்கயாவது கேட்டிருக்கியளா?

மொதலாளியம்மா ஒரு பைசா வாங்கல. நேர்ச்சைத் தலைக்கு அங்கயும் காசு வாங்க மாட்டாவ போல. உச்சந்தலையில ஒரு முத்தமும் குடுத்தா. பெறவு உள்ளருந்து ஒரு பெட்டி நெறயச் சவுரி கொண்டாந்து, போட்டுப் பாருங்கா. கறுப்புச் சவுரி, செம்பட்டைச் சவுரி. மொட்டை போட்டவளுக்கு எதுக்குச் சவுரி? நான் கையெடுத்துக் கும்புட்டுட்டு வந்துட்டேன்.

அன்னையில இருந்து நாங்க அங்க இருந்த நாளெல்லாம் ராஜ உபசாரம்தான் தம்பி. பஸ்ஸுல ஏறுனா பாதிப்பேரு எந்திரிக்கான். காப்பிக்கடைக்காரன் கேக்காமலே பலகாரம் கொண்டாந்து வைக்கான். சந்தையில ஒரு கெழவி, யாரு எவருன்னே தெரியாது, ஒரு பை நெறயப் பழத்த எங் கையில திணிச்சிட்டுக் கன்னத்தத் தடவிக் குடுத்தா. கோயில்ல சந்தியாகப்பர் சுரூபத்தப் பின்னாலருந்து கட்டிப்பிடிக்கிறது அங்க வழக்கம். அதுக்கு அவ்வளவு பெரிய வரிசை. என்னையக் கண்டதும் எல்லாரும் வெலகி முன்னால விட்டுட்டாவ. போய் மொட்டைய அவரு முதுகுல வச்சு ஒரு இடி இடிச்சேன். வந்துட்டேன்யா, கணக்குத் தீந்துதான்னு கேட்டேன். மொட்டைக்கு என்ன ஒரு மரியாதை அந்த ஊர்ல! நம்ம ஆள்க படிக்கணும்.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு வருத்தம். யாராவது என் பக்கத்துல வந்து, பாவமா மொகத்த வச்சுக்கிட்டு என்னமோ கேப்பாவ. மேகலா அவிய பாஷையில பதில் சொல்லுவா. சொல்லிட்டு தன் நெஞ்சத் தொட்டுக் காட்டுவா. அந்தாக்கில அவிய என்னைய விட்டுட்டு அவளக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுப்பாவ! மொட்டை போட்டது நான், முத்தம் அவளுக்கு. எப்படி இருக்கு நாயம்?

ஆனா ஒண்ணு தம்பி, என்னைய அவ பாத்துக்கிட்ட மாதிரி நான் பெத்தவன்கூட பாக்கமாட்டான். சந்தனத்துக்கு எங்க போகன்னு நின்னேன். அவ பையில இருந்து ஒரு கிரீம் எடுத்தா, பாதி தீந்த டியூபு, தலையில பைய பையத் தேச்சு விட்டா. "குளிக்கறப்போ தண்ணி நேரா மண்டையில அடிக்கற மாதிரி இருக்குமுங்க, பயந்துக்காதீங்க"ன்னா. அடிக்கத்தான் செஞ்சுது! "படுத்தாத் தலைதாங்க மொதல்ல குளுரும், இதப் போட்டுக்கோங்க"ன்னு ஒரு தொப்பி குடுத்தா. இந்தா மடியில கெடக்கே, இதுதான். தொவச்சுத் தொவச்சு மெத்துன்னு ஆயிருக்கு பாருங்க. மொட்டையே போடாதவளுக்கு இவ்வளவு வெவரம் எங்கருந்து தெரிஞ்சுதுங்கிய? எல்லாம் போன்ல பாத்துக்கிடுதாவ போல இந்தக் காலத்துப் பிள்ளைய.

பேச்சும் வந்துருச்சு. காலையில காப்பி குடிக்க உக்காந்தா மதியம் ஆயிரும். அவ சின்ன வயசுக் கதை, அவ அப்பா கதை, டெரன்ஸப் பத்தி ரெண்டு குத்தம், நானும் கூட ரெண்டு சேத்தேன். மனசு நெறஞ்சுபோச்சு எனக்கு. ஆனா இன்னைக்கு நான் ஏறுன ஏர்போர்ட்டுல ஒண்ணு நடந்துச்சு. அதுதான் வழியெல்லாம் என்னைய அரிச்சுக்கிட்டே வருது. உள்ள போகப் போறேன், அவ எங் கையப் பிடிச்சா. "அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. அவரு சொல்ல வேண்டாம்னாரு, நீங்க தாங்க மாட்டீங்கன்னு. ஆனா நீங்க..."ன்னா. அதுக்குள்ள வீல்சேரு தள்ளுற பையன் வந்துட்டான். "போய்ட்டுப் போன் பண்ணுங்க அத்தை"ன்னுட்டா.

என்னவா இருக்கும்? இனிமே ஊருக்கு வரமாட்டோம், அங்கயே இருக்கப் போறோம்னு சொல்ல வந்தாளோ? நான் தாங்க மாட்டேன்னா வேற என்ன இருக்கு?

என்ன தம்பி? கண்ணு ஏன் கலங்குது?

யாருக்கு, உங்க அம்மைக்கா?

எப்போ?

ஓ... அதான் என்னைக் கண்டதும் எந்திரிச்சியளா. எனக்கு அந்தச் சீக்கெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி, நான் கல்லு மாதிரி இருக்கேன். உங்க அம்மை இப்ப சொகமா இருக்காவளா? ஸ்தோத்திரம். மருந்து ஏத்துனா முடி முழுக்கக் கொட்டிருமா? ஒண்ணுகூட நிக்காதா? பெறவு முளைக்கையில... சுருட்டையாவா? மொதல்ல நீட்ட முடி இருந்தாக்கூடச் சுருட்டையாவா முளைக்கும்?

அவியளும் தொப்பி போட்டாவளா? படுக்கையில?

தம்பி. உங்க அம்மைக்கு அந்தச் சீக்கு எங்க வந்துச்சு? மார்லயா?

சரி. நீங்க சொல்ல வேண்டாம். தலைய ஆட்டுனதே போதும்.

கொஞ்சம் அந்தத் தண்ணிய எடுங்க.

காமெரா ரிப்பேரு. ஒரு வருசம் காமெரா ரிப்பேருன்னாளே தம்பி. நான் என்னைப் பிடிக்கலன்னு நெனச்சேன். ஏசி ரூம்ல உக்காந்து கெட்டுப்போனன்னு, மூச்சு வாங்க நடந்தவளப் பின்னாலருந்து சொல்லிக்கிட்டே வந்தேன். அந்த ஊரு சனமெல்லாம் என் மொட்டையப் பாத்துல்லா எரக்கப்பட்டுருக்கு. இவ, சீக்கு அத்தைக்கு இல்ல, எனக்குத்தான்னு நெஞ்சத் தொட்டுக் காட்டியிருக்கா. முந்தாநாள் பாத்து விசாரிச்சவியளுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல. வேய் சந்தியாகப்பரே, நீரும் ஒரு வார்த்த சொல்லல பாத்தீரா.

இல்ல, நான் அழல. மூக்குதான் ஒழுகுது. இந்த ஏசி.

தம்பி, ஒரு ஒத்தாசை செய்ங்க. இந்தப் போன்ல ஏர்போர்ட்டு நெட்டு எனக்குப் போடத் தெரியல. மேகலான்னு இருக்கும் பாருங்க. கொரல் வேண்டாம், வீடியோவே போடுங்க. பயப்படாதிய, நான் ஒண்ணும் ஒப்பாரி வைக்க மாட்டேன். அவளே சொல்லட்டும், எப்பத் தோணுதோ அப்பச் சொல்லட்டும். நான் மொகத்தப் பாத்தாப் போதும்.

அடிக்குதா? இங்க குடுங்க. நேராப் பிடிச்சிருக்கேனா?

மக்கா! ஆமா மக்கா, தோஹாதான். நல்லா வந்துட்டேன். சாப்புட்டேன். நம்ம ஊருத் தம்பி ஒருத்தரு கூட இருக்காரு.

தொப்பியா? மடியில இருக்கு. போடுதேன், போடுதேன். வையாத. இந்தா போட்டுட்டேன், காது வரைக்கும் இழுத்து விட்டுட்டேன், பாரு.

ஒண்ணுமில்ல மக்கா. கண்ணுல தூசி.

எட்டி மேகலா... ஒனக்கும் அப்ப ரொம்பக் குளுந்துச்சாட்டி?